பாதி மலையில் புளியோதரை

1

அண்ணன் ஃபோனில் கடைசியாகக் கேட்பது ஒரே கேள்விதான். "எப்ப வர்றே?" அனு எப்படிப் படிக்கிறாள், மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா, எனக்கு பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்து, ரிசீவரை வைக்கப்போகிற நேரத்தில் அது வந்தே தீரும். நானும் பன்னிரண்டு வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "வரணும்ண்ணா."

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேப்பிள் மரத்தையும் பனியையும் விட்டால் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லாத ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நான், என் வீட்டுக்காரர் நடராஜன், எங்கள் ஒரே பெண் அனு. நாங்கள் இங்கே வந்து இறங்கியது ஓர் அக்டோபர் மாதத்தில். அதனால் ஒவ்வொரு அக்டோபரிலும், மரமெல்லாம் நிறம் மாறி ஊரே காரை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்புகிற சமயத்தில், எனக்கு மட்டும் ஓர் அசதி வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு வருஷமும் போய்விட்டதே என்கிற அசதி. தூங்கினால் போகிற அசதி இல்லை அது.

அண்ணன் இருப்பது தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூரில். தினமும் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய்வருகிற குமாஸ்தா. அப்பா விட்டுப்போன மனையில் வீடு கட்டியபோது, "மாடி உங்களுக்கு" என்று சொல்லி மேலே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை எடுத்தார். நாங்கள் ஊரில் இல்லாததால் எங்கள் சார்பில் அண்ணியே மாடியிலும் பால் காய்ச்சினாள். அந்தச் சமையலறையில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு நாள்தான். கல்யாணத்துக்கு எனக்குச் செய்துபோட்ட பீரோ, அனு படுத்த தொட்டில், இவருடைய சைக்கிள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அண்ணன் மாடியைத் திறந்து, ஒட்டடை அடித்து, தரையைக் கழுவிவிட்டு, பீரோவுக்கும் சைக்கிளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு மறுபடி பூட்டுவார். யாருமே ஓட்டாத சைக்கிளுக்கு வருஷம் தவறாமல் பொட்டு வைக்கிற மனுஷன் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நான் கூப்பிட்டபோது அவர் குரலே சரியில்லை. சுற்றி வளைத்தார். தண்ணீர் லாரி வரவில்லை என்றார், தாம்பரம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றேன் என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"வசந்தா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டியே?"

"என்னண்ணா, என்கிட்டப் போய் இப்படிக் கேக்கறீங்க?"

"நம்ம ரமேஷுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கோம் இல்ல?" ரமேஷ் அவருடைய மூத்த பையன். "கீழ இருக்கறதே ரெண்டு ரூம். புதுசா வர்ற பொண்ணு எங்க இருப்பா, சொல்லு. மாடி சும்மாத்தானே கெடக்குதுன்னு உங்க அண்ணி... அவ ஒண்ணும் சொல்லலை, நான்தான் சொல்றேன். நீங்க வர்றதா இருந்தா நான் மாடியத் தொட மாட்டேன். பையனுக்கு வேற எடம் பாத்துக்கறேன். வரலேன்னா, ஐப்பசி மழை புடிக்கறதுக்குள்ள வெள்ளையடிச்சிடணும். அதான்."

நான் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. அடுத்த ஞாயித்துக்கெழம சொன்னாப் போதும்."

அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரம் கெடு வைக்கிற ஆள் என் அண்ணனாகத்தான் இருக்க முடியும். கோபித்துக்கொள்ள எனக்கு வாய் ஏது? இத்தனை வருஷம் பொறுத்ததே பெரிய விஷயம். அன்றைக்கும் வைப்பதற்கு முன்னால், பழக்கதோஷமோ என்னவோ, கேட்டார். "அப்ப, எப்ப வர்றே?"

2

இவரிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்.

பதினெட்டு வருஷமாக இவரோடு குடித்தனம் நடத்துகிறேன். 'பார்க்கலாம்' என்றால் 'என்னை இதில் இழுக்காதே' என்று அர்த்தம். ஃபிரிட்ஜ் மாற்றுவதா? பார்க்கலாம். அனுவுக்குப் பாட்டு வகுப்பா? பார்க்கலாம். வாழ்க்கையை எங்கே கழிப்பது? அதற்கும் பார்க்கலாம்.

ஒரே ஒரு தடவைதான் இவர் உறுதியாக ஒரு வார்த்தை சொன்னார். இங்கே கிளம்புவதற்கு முன்னால், ஒரு புரட்டாசி சனிக்கிழமை, திருநீர்மலைக்குப் போயிருந்தோம். பல்லாவரத்தில் இறங்கி பஸ் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, படியேறி, பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தோம். எதிரே மீனம்பாக்கத்திலிருந்து ஒரு விமானம் எழும்பி எங்கள் தலைக்கு மேலேயே போயிற்று. நாலு வயது அனு கையாட்டினாள். இவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டே வருஷம் வசந்தா. திரும்பி வந்து இதே எடத்துல கற்பூரம் ஏத்தறோம்." கோயில் வாசலில் சொன்னது. நான் நம்பினேன்.

அந்த ரெண்டு வருஷம் எப்படி நீண்டது என்று ஊரில் யார் கேட்டாலும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. முதலில் விசாவை நீட்டிக்க ஒரு வருஷம் ஆயிற்று. அப்புறம் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டால், இப்போது வெளியே போனால் வரிசை போய்விடும் என்றார் வக்கீல். வரிசையிலேயே சில வருஷம் நின்றோம். கார்டு வந்ததும், வாங்கின கையோடு கிளம்பினால் அத்தனை பாடும் வீண் என்றார்கள். ரேஷன் கடை வரிசையாவது சர்க்கரை தீர்ந்தால் கலைந்துவிடும். இது கலையவே இல்லை. நடுவில் ஒரே ஒரு தடவை மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தோம், அவ்வளவுதான்.

பெயரும் இங்கே மாறிப்போயிற்று. நம் ஊரில் இனிஷியல் போதும். இங்கே குடும்பப் பெயர் வேண்டும் என்று இவர் பெயரை என் பெயருக்குப் பின்னால் ஒட்டவைத்தார்கள். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் பில் பிரிவில் எல்லோரும் என்னை "நடராஜன்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் இவர்தான் வந்திருக்கிறாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். இப்போது நானே "நடராஜன் ஸ்பீக்கிங்" என்று ஃபோனை எடுக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களின் வியாதிகளைத் தட்டச்சு செய்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாம்பார் வைக்கக்கூட உடம்பு வணங்குவதில்லை.

அண்ணன் கேட்டதை அன்று இரவுச் சாப்பாட்டின்போது அனுவிடமும் சொன்னேன். இப்போது அவளுக்குப் பதினாறு. பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. நாங்கள் ஊருக்குப் போனது அவளுடைய பத்து வயதில். கொசுக்கடியும் காய்ச்சலுமாக அந்த மூன்று வாரமும் படுத்தே கிடந்தாள். அவள் வாயில் அந்த ஊருக்குப் பெயரே 'டாம்பரம்'தான், இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி. திருத்தித் திருத்தி நான் அலுத்துவிட்டேன்.

கேட்டுவிட்டு நிதானமாகச் சாதத்தைப் பிசைந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கம்மா. நான் இங்க இருந்துக்கறேன். லிண்டா வீட்ல தங்கிக்கலாம், அவங்க அம்மா ஓகே சொல்லுவாங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் எனக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள். ஊருக்குப் போவதென்றால் இவளை விட்டுவிட்டுப் போவது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

3

புதன்கிழமை அனு ஒரு யோசனையோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் மலையேறுகிற குழுவில் இருக்கிறாள். ரெண்டு வருஷமாக எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், நாங்கள் சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

"இந்த சாட்டர்டே வாங்களேன். இலையெல்லாம் இதுக்கப்புறம் கொட்டிடும். ஈஸியான மலைதான், நெஜமா."

"மேல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"வியூ இருக்கும்."

"அதில்ல, மேல என்ன இருக்கு? கோயில் மாதிரி ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா. பாறைதான் இருக்கும். ஒரு போர்டு இருக்கும்."

ஒரு போர்டைப் பார்ப்பதற்காக மூச்சு வாங்க மலை ஏறுகிற ஜனங்களை நான் இங்கேதான் பார்க்கிறேன். நம் பக்கத்தில் மலை என்று இருந்தால் மேலே ஒரு சாமி இருக்கும். சாமி இல்லாத மலையில் கல்லுடைப்பார்கள், வேறு யாரும் போகமாட்டார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது சமையலறைச் சுவரில் அண்ணன் வருஷா வருஷம் அனுப்புகிற தினசரி காலண்டர் கண்ணில் பட்டது. தாளைத் தூக்கிப் பார்த்தேன். வருகிற சனி, புரட்டாசி சனி.

சரி, வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். இவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

நான் மனசுக்குள் செய்ததை இவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. நம் வீடுகளில் ஒரு முடிவு எடுக்க முடியவில்லை என்றால் சாமி முன்னால் பூப்போட்டுப் பார்ப்போம். சிவப்பு வந்தால் ஒன்று, வெள்ளை வந்தால் ஒன்று. என் கல்யாணமே அப்படித்தான் நிச்சயமாயிற்று. இங்கே அதற்கு நான் எங்கே போவேன்? அதனால் அந்த மலையிடமே விட்டுவிட்டேன். மூன்று பேரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் ஊருக்குத் திரும்புவது. அனுவை எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைப்பது. போய்ச் சேராவிட்டால் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. மலையேறப் போனவர்கள் ஏறாமல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து குளித்து, புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்தேன். நான் எதுவும் சாப்பிடவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புரட்டாசி சனிக்கிழமை மேலே போய்ச் சேவித்த பிறகுதான் எங்கள் வீட்டில் வாயில் பருக்கை படும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அனு ரொட்டியை நீட்டியபோது, "அப்பவே ஆச்சு" என்று சொல்லிவிட்டேன்.

4

மலையடிவாரத்தில் ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். தண்ணீர் இருக்கிறதா, சாப்பாடு இருக்கிறதா, மழைக்கோட்டு இருக்கிறதா, டார்ச் இருக்கிறதா என்று மாமியார் மாதிரி கேள்வி மேல் கேள்வி. எனக்கு அனு அவளுடைய பழைய மலை ஷூவைக் கொடுத்திருந்தாள். இவருடைய பேன்ட்டைக் காலில் மடித்துவிட்டுப் போட்டிருந்தேன். சேலையூரில் யாராவது பார்த்தால் அடையாளம் தெரிந்திருக்காது.

அனு எங்களை நிற்கவைத்து ஒரு விதி சொன்னாள்.

"ஒரு மணிக்குத் திரும்பிடணும். எங்க இருந்தாலும் சரி. டாப் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் திரும்பிடணும். இப்பல்லாம் சீக்கிரம் இருட்டிடும், கீழ எறங்க டைம் வேணும். ஓகே?"

"கிட்டப் போய்ட்டு அப்படியே வர்றதா? நல்லா இருக்கே கதை!" என்று இவர் சிரித்தார்.

"நான் சீரியஸா சொல்றேன்ப்பா. லேட்டாத் திரும்பறவங்கதான் மாட்டிக்கறாங்க."

முதல் ஒரு மணி நேரம் பரவாயில்லை. ஒரு மரம் மஞ்சள், பக்கத்து மரம் குங்குமச் சிவப்பு. வழி தெரிவதற்காக மரத்துக்கு மரம் நீலப் பெயின்டில் ஒரு பட்டை அடித்திருந்தார்கள். அதைப் பார்த்துப் போனால் போதும். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் உதிர்ந்த இலை ஈரத்தில் ஊறி, எண்ணெய் கொட்டின தரை போல வழுக்கியது. அதற்கடியில் வேர் இருக்கிறதா கல் இருக்கிறதா என்று காலை வைத்துப் பார்த்த பிறகுதான் தெரியும். படி கிடையாது, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. இவர் ஒரு கிளையை ஒடித்து ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் "அம்மாடி" என்று நின்றார். வேர்த்துக் கொட்டுகிறதே என்று ஸ்வெட்டரைக் கழற்றினால் நடுங்கியது, போட்டால் வேர்த்தது.

எதிரே இறங்கி வந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே, இதோ வந்துவிட்டது, கொஞ்ச தூரம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அரை மணி கழித்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு அன்பாகப் பொய் சொல்வதை நான் இந்த நாட்டில் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

போகப் போக என் காதில் ஒரு ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குத் திருநீர்மலைப் படி ஞாபகம் வந்தது. அந்தக் கடைசிப் புரட்டாசியில் பாதிப் படியில் அனு உட்கார்ந்துகொண்டு வீல் என்று அழுதாள். வெயிலில் சுட்ட படி, வெறுங்கால், குழந்தை என்ன செய்யும்? போதும், இறங்கிவிடலாம் என்று அவளைத் தூக்கிக்கொண்டு நான் கீழே திரும்பினேன். படியோரம் துளசி மாலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, பாதிலயே எறங்கிகினு வர்றே? சாமி மேல கீறாரு, இங்க இன்னா கீது? கொயந்தைய அவராண்ட குடு, தூக்கிகினு போவட்டும். பாதில எறங்கக் கூடாதும்மா, சொல்லிட்டேன்."

இவர் அனுவைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அந்த அம்மாளுக்குப் பயந்தே ஏறினோம் என்று சொல்ல வேண்டும். மேலே போனதும்தான் விமானம் பறந்தது, இவர் ரெண்டே வருஷம் என்று சொன்னார்.

5

மரமெல்லாம் குட்டையாகி, மொட்டைப் பாறை ஆரம்பித்த இடத்தில் என் கண் இருட்டியது. பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அனு முன்னால் போனவள் ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைத் தொட்டாள். கை ஜில்லென்று இருந்திருக்க வேண்டும்.

"அம்மா, தண்ணி குடி."

"வேண்டாம்டி. மேல போய்க் குடிச்சுக்கறேன்."

"காலைல என்ன சாப்ட?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ ஒண்ணுமே சாப்டலையா? தண்ணிகூடக் குடிக்கலையா? ஆர் யூ சீரியஸ்?" அவள் குரல் உடைந்தது. "மலைல இப்படிப் பண்ணா செத்துடுவாங்கம்மா!"

இவர் என்னைப் பார்த்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. "புரட்டாசியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அனு கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு மணி ஆகப்போகுது. அவ்ளோதான். சாப்ட்டு எறங்கறோம்."

"அதோ தெரியுதே உச்சி! இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"அது உச்சி இல்லம்மா. அப்படித் தெரியும். அதுக்குப் பின்னால இன்னொண்ணு இருக்கு."

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வயசுக்கு மேல் ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "போயே ஆகணும்டி. நான் வேண்டிக்கிட்டிருக்கேன். மேல போய்ச் சேர்ந்தா ஊருக்குத் திரும்பிடறதுன்னு. நாளைக்கு மாமாவுக்குப் பதில் சொல்லணும். நான் என்னன்னு சொல்லுவேன்?"

இவர் கையிலிருந்த கிளையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன சொல்லுவீங்க? பார்க்கலாம்பீங்க."

இவர் தன் ஷூவில் ஒட்டியிருந்த ஈர இலையைப் பிய்த்து எடுத்தார்.

அனு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள். மேலே பார்த்தாள். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முதுகுப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"நான் மட்டும் போனா வேகமாப் போய்ட்டு வந்துடுவேன். தனியாப் போகக் கூடாது, ஆனா பரவால்ல. நான் போனா அது கவுண்ட் ஆகுமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. மூன்று பேரில் மேலே போகக் கூடியவள் அவள் ஒருத்திதான். போகவே கூடாது என்று நினைக்க வேண்டியவளும் அவள்தான்.

"அனு, நீ போய்ட்டு வந்தா நாம ஊருக்குப் போகணும். உனக்குத்தான் அங்க வர இஷ்டம் இல்லையே?"

"இல்லை."

"அப்புறம் ஏன்டி போறேங்கறே?"

அவளுக்கு என் கேள்வியே புரியாத மாதிரி பார்த்தாள்.

"நீ சாப்டணும் இல்ல?"

நம் வீட்டுப் பெண்ணா இவள், எந்த ஊர்ப் பெண் இவள் என்று எத்தனையோ நாள் ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். தமிழ் சரியாக வரவில்லை, கோலம் போடத் தெரியவில்லை, விளக்கேற்ற மாட்டேன் என்கிறாள் என்று. அம்மா ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தனக்கு வேண்டாத ஒன்றை மலைமேல் போய் எடுத்து வரக் கிளம்புகிற பெண்ணை, இதற்கு மேல் எந்த ஊரில் கொண்டுபோய் வளர்ப்பது? அந்தத் துளசிக்கார அம்மாள் அங்கே இருந்தால்கூட என்னைப் பிடித்துவைத்திருக்க மாட்டாள் என்று தோன்றியது.

"வேண்டாம். நீ போக வேண்டாம். பையைத் திற" என்றேன். "டப்பாவை எடு."

"ஷ்யூரா?"

"எடுடி. பசிக்குது."

முதலில் தண்ணீர் குடிக்கவைத்தாள், கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு அவளே புளியோதரையை உருட்டி என் கையில் வைத்தாள். வெல்லம் ஒரு சிட்டிகை கூடிப்போயிருந்தது. மலையேறியும் பெருமாளைப் பார்க்காமல் நான் சாப்பிட்ட முதல் புரட்டாசி சனி அது. கடலைப் பருப்பு பல்லில் கடிபடுகிறபோதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் துடைத்துக்கொள்ளவில்லை. இவரும் சாப்பிட்டார். கீழே மஞ்சளும் சிவப்புமாகப் பள்ளத்தாக்கு முழுக்கக் காடு தெரிந்தது. பாதி மலையிலிருந்தே அவ்வளவு தெரிந்தது.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முட்டி இரண்டும் விட்டுப்போய்விட்டன. அனு முன்னால் நின்று, எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டே வந்தாள். இவர் எனக்குப் பின்னால் வந்தார். ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றபோது என் தோளைத் தொட்டார்.

"வசந்தா, எனக்கும் தெரியும். அங்க போனா இந்த வயசுல எனக்கு யாரும் வேலை தரப்போறதில்லை. கிரீன் கார்டு வந்தப்பவே தெரியும். வாயத் தெறந்து சொல்லத்தான் வரலை."

"தெரியும்" என்றேன். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரியாத மாதிரி இருப்பதற்கே பாதி சக்தி போய்விட்டது.

கார் நிறுத்தின இடத்துக்கு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அனு சொன்ன கணக்கு சரிதான். இன்னும் மேலே போயிருந்தால் இருட்டில் மாட்டியிருப்போம்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடையை அசைக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே சாயங்காலம். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்துவிட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது.

"அண்ணா, ரமேஷை மாடிக்கு வரச் சொல்லுங்க."

தூரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஹாரன் கேட்டது. பிரமையாகவும் இருக்கலாம், சேலையூர் வரைக்கும் அது கேட்காது.

"யோசிச்சுத்தான் சொல்றியாம்மா? மாப்பிள்ளை என்ன சொல்றாரு?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொல்றோம்ண்ணா. மழைக்கு முன்னாடி வெள்ளையடிச்சிடுங்க."

"உன் பீரோ இருக்கு. சைக்கிள் இருக்கு..."

"அவங்களே வெச்சுக்கட்டும். தொட்டிலும் இருக்கு, உதவும்."

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோயிற்று. அப்புறம் பெயின்ட் பேச்சை எடுத்தார். பச்சை பெயின்ட் அடிக்கலாமா, ரோஸ் அடிக்கலாமா என்று அண்ணி கேட்கிறாளாம். பச்சை என்றேன். கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும், எந்தத் தேதிக்கு வருகிறோம் என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டால் ஹாலை எங்களுக்கு ஒதுக்கி, புதுப் பாய் வாங்கிவைப்பதாகச் சொன்னார். தலையணை எத்தனை வேண்டும் என்று கேட்டார். மூன்று என்றேன்.

இவருடைய முதுகுவலியை விசாரித்தார். அனுவின் படிப்பை விசாரித்தார். எல்லாம் முடிந்து ரிசீவரை வைக்கப்போகிற நேரம் வந்தது. அந்தக் கேள்விக்காக வாயில் 'வரணும்ண்ணா'வை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஆரம்பிச்சிடுச்சுண்ணா" என்றேன்.